சுனாமி நினைவுகள்: இருபது வருடம் தாண்டியும் விடாத வலியை என்ன செய்வது?

சோழகம் (நாகை / திருப்பூர்)

வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இப்போதுதான்.

எனக்கு நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவ கிராமம். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. 2004 டிசம்பர் 26 அன்று நான் ஏழாம் வகுப்பு. அரையாண்டு லீவு, ஞாயிற்றுக்கிழமை. அப்பா கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். டீ வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா தூக்குவாளியில் டீயை ஊற்றி என்னைக் கொண்டுபோகச் சொன்னாள். நான் டிவி முன்னால் இருந்தேன். "அக்கா போகட்டும்" என்றேன். அக்கா போனாள். ஒன்பது மணி சுமாருக்கு அலை வந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார். அக்கா பிழைக்கவில்லை.

என் மனைவிக்கு "சுனாமியில் அக்கா போய்விட்டாள்" என்பது வரைக்கும்தான் தெரியும். டீ விஷயம் தெரியாது. வீட்டிலும் அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் காலையைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

போன மழைக்கு எங்கள் தெருச் சாக்கடை ஓரமாக மாநகராட்சி ஆட்கள் பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்கள். சுனாமிக்கு அப்புறம் எங்கள் ஊர் முழுக்க அந்த வெள்ளைப் பொடிதான் கிடந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் கை கால் நடுங்கி, வண்டியை ஓரம் கட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பையனைப் பள்ளியில் விடப் போய்க்கொண்டிருந்தேன். அவன் பயந்துபோய் அழுதுவிட்டான்.

அவன் இரண்டாம் வகுப்பு. கடல் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். பழசை மறந்துவிடு, காலம் ஆற்றிவிடும் என்கிறார்கள். எவ்வளவு காலம் என்று ஒருவரும் சொல்வதில்லை. இப்படி ஒரு விஷயத்திலிருந்து வெளியே வந்தவர்கள் இருந்தால், எப்படி வந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கட்டுமரம் (தரங்கம்பாடி)

தம்பி, எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்த அலையில் என் தம்பி பெண்டாட்டியும் அவர்கள் கடைக்குட்டியும் போனார்கள். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

எங்கள் ஊரில் பேசிப் பேசித் தேறியவர்களை நான் பார்க்கவில்லை. தொழிலுக்குத் திரும்பித்தான் தேறினார்கள். தார் ஷீட் கொட்டகையில் சும்மா உட்கார வைத்திருந்த மாதங்கள்தான் ஆளைக் கொன்றன. வெயிலில் உள்ளே உட்கார முடியாது, வெளியே போனால் கடல் தெரியும். குடிக்காதவனும் அப்போது குடிக்கப் பழகினான்.

கொஞ்ச காலத்துக்கு மீனை வாங்குவார் இல்லை, கடலில் பிணம் கிடந்ததே என்று. எங்களாலும் வாயில் வைக்க முடியவில்லை. முதல் முறையாக மறுபடி தொழிலுக்குப் போனபோது ஒரு வள்ளத்தில் ஐந்து பேர். கரையை விட்டதிலிருந்து ஒருத்தனும் பேசவில்லை. வலையை இழுக்கும் நேரம் வந்தது. வலையில் என்ன வருமோ என்ற பயம் எல்லோருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுத்தோம். மீன்தான் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மறுநாளும் போக முடிந்தது.

அதனால் சொல்கிறேன். வேலையைப் பார், பிள்ளையைப் பார். வருஷா வருஷம் 26ஆம் தேதி கடலில் பாலை ஊற்றிப் பூவைப் போடு. அதற்கு மேல் கிளறாதே. கிளறினால் சேறுதான் மேலே வரும்.

மல்லிப்பந்தல்

சோழகம் அண்ணா, வாசித்துவிட்டு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீங்கள் அப்போது சின்னப் பையன். டீ கொண்டுபோகச் சோம்பல்படாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? இதை நீங்களே உங்களுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பீர்கள் என்றும் தெரிகிறது.

வார்டு சிஸ்டர் (ஓய்வு பெற்ற மனநல செவிலியர்)

சோழகம், முதலில் ஒன்று. டீ விஷயத்தை இங்கே எழுதிவிட்டீர்கள். இத்தனை வருடம் உள்ளேயே வைத்திருந்ததை முன்பின் தெரியாதவர்களிடமாவது சொல்ல முடிந்ததே, அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

2005 தொடக்கத்தில் நாகை மாவட்ட முகாம்களில் வேலை பார்த்தேன். மாநிலத்தில் அதிகம் அடி வாங்கிய மாவட்டம் அதுதான், 6,000 பேருக்கு மேல் போனார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து வந்து உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது ரொம்ப எளிமையானது: பக்கத்தில் உட்கார், அவர்களாகப் பேசினால் காது கொடு, அழுதால் தடுக்காதே, தூக்கம் சாப்பாடு இருக்கிறதா பார், பிள்ளைகளை விளையாட விடு, சாமி கும்பிட ஆசைப்பட்டால் அதற்கு வழி செய்.

அதே முகாம்களுக்கு வேறு சிலரும் வந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆனால் வந்த அன்றே பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, அலை எப்படி வந்தது, யார் யார் செத்தார்கள், படம் வரை என்பார்கள். அடுத்த வாரம் இன்னொரு குழு வந்து அதையே கேட்கும். ஒரு சிறுமி என்னிடம், "இன்னிக்கும் அலை வரையணுமா மிஸ்?" என்று கேட்டாள். அவள் கையில் நீலக் கிரேயான் தேய்ந்து நகக்கண் அளவுக்கு இருந்தது. மற்ற நிறமெல்லாம் புதுசாக இருந்தது.

இப்படி உடனடியாகக் கூப்பிட்டு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது பலன் தராது, சிலருக்குக் கெடுதலாகவும் போகலாம் என்று அதற்கு முன்பே ஆராய்ச்சிகள் சொல்லியிருந்தன. 2013இல் உலக சுகாதார நிறுவனமும் தன் வழிகாட்டுதலில் அதைச் செய்யாதீர்கள் என்று எழுதியது. ஆக, கிளறாதே என்று கட்டுமரம் ஐயா சொல்வதில் பாதி முழு உண்மை. யாரையும் இழுத்துவைத்துப் பேசவைக்கக் கூடாது. தூங்குகிறார், சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், வாழ்க்கை நடக்கிறது என்றால் அவரை விட்டுவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் சொந்த பந்தத்தோடு, தொழிலோடு, தாமாகவே தேறிவிடுகிறார்கள்.

உங்கள் நிலை வேறு. ஒரு வாசனை வந்தால் வண்டி ஓட்ட முடியவில்லை. பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப்போக முடியவில்லை. மனைவியிடம் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. அந்த நினைவைத் தொடாமல் இருப்பதற்காகவே ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டு வருகிறீர்கள். அதனால்தான் காலம் ஆற்றவில்லை. அடைத்துவைத்த நினைவின் பக்கம் காலம் போவதே இல்லை.

வாசனைக்கு ஒரு காரணம் உண்டு. மற்றப் புலன்கள் மூளைக்குள் ஒரு சுற்றுப்பாதையில் போகும். மோப்பம் மட்டும் பயத்தையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு ஏறக்குறைய நேராகவே போய்விடும். அதனால் யோசிப்பதற்கு முன்பே உடம்பு நடுங்கிவிடும். உங்கள் மனசு பலவீனம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

கட்டுமரம் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. பேச்சால் யாரும் தேறவில்லை என்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதிலேயே வைத்தியம் இருக்கிறது. எதைக் கண்டு பயந்தீர்களோ அங்கே, நான்கு பேரைக் கூட வைத்துக்கொண்டு போனீர்கள். பயந்தது நடக்கவில்லை என்று உங்கள் கண்ணே பார்த்தது. மறுநாளும் போனீர்கள். ஆஸ்பத்திரியில் நாங்கள் மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் செய்ய முயல்வது இதைத்தான்.

கட்டுமரம்

சிஸ்டர், அப்படிப் பார்த்தால் சரிதான். அந்த வள்ளத்தில் நான் தனியாகப் போயிருந்தால் பாதியிலேயே திரும்பியிருப்பேன்.

மட்டுநகராள் (மட்டக்களப்பு)

எங்கட பக்கத்தில் இருந்தும் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இலங்கையில் அன்றைக்கு 30,000 பேருக்கு மேல் இறந்தவை. எங்கட கிழக்குக் கரையில் கல்முனை, மட்டக்களப்பு எல்லாம் கடும் சேதம். எங்களுக்கு அது தனிச் சம்பவம் இல்லை. அதற்கு முன்னமும் யுத்தம், அதற்குப் பிறகும் யுத்தம். ஒரு பிள்ளையிடம் உனக்கு எது கனவில் வருகிறது என்று கேட்டால், ஷெல் சத்தமும் அலையும் கலந்து வருகிறது என்று சொல்லும்.

நான் ஆசிரியை. அந்தக் காலத்தில் எங்களைப் போல ஆசிரியர்கள் கன பேருக்கு உளவளத்துணை (கவுன்சிலிங்) பயிற்சி தந்தார்கள். ஜெர்மனி கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழக ஆட்கள் கொண்டுவந்த ஒரு முறை எனக்கு நல்லாப் பிடித்தது. தரையில் ஒரு நீளக் கயிற்றை விரிப்பது. அதுதான் அந்தப் பிள்ளையின் வாழ்க்கை, பிறந்த நாளில் தொடங்கி இன்றைக்கு வரைக்கும். நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ வைக்கவேணும். கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பெரிய துன்பத்துக்குப் பெரிய கல்லு. பிறகு தொடக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் கதைத்துக்கொண்டு வருவது. ஒரு கல்லையும் தாண்டிப் பாயக்கூடாது, ஒரு பூவையும் விடக்கூடாது.

நான் பார்த்த ஒரு பொடியன் முதலில் கல்லு மட்டும்தான் எடுத்தான். கயிறு முழுக்கக் கல்லு. அம்மம்மா வீட்டில் மாமரம் இருந்தது என்று தற்செயலாகச் சொன்னான். அப்ப அது பூவோ கல்லோ என்று கேட்டேன். கன நேரம் யோசித்துவிட்டு ஒரு பூவை எடுத்து வைத்தான். அதற்குப் பிறகு அவனே தேடித் தேடி வைத்தான்.

வடகிழக்கில் 31 பிள்ளைகளை இரண்டு பகுதியாகப் பிரித்து ஒரு ஆய்வும் செய்தவை. ஒரு பகுதிக்கு இந்தக் கதை சொல்லும் முறை, மற்றப் பகுதிக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியும், இரண்டுக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பகுதியிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தவை. அதனால் கதைத்தால்தான் சரிவரும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டன். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் மூச்சு, செபம், சடங்கு, ஊர் கூடி அழுவது, இதெல்லாம் எங்கட சனத்துக்கு மருந்துதான் என்று வலியுறுத்தி வந்தவர். ஆனால் சோழகம் தம்பியின் கயிற்றில் ஒரு கல்லை ஒருத்தரும் தொட்டுப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

உப்பனாறு (கடலூர்)

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது சரி.

என் அண்ணன் உடல் கிடைக்கவில்லை. தேவனாம்பட்டினம் கரையில் கிரிக்கெட் ஆடப் போனவன். அம்மாவும் மாமாவும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக, ஒட்டிவைத்த ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்தார்கள். அப்போது நிறையப் பேரை அடையாளம் பார்க்காமலே ஒரே குழியில் புதைத்துவிட்டார்கள். ஜேசிபி வைத்துத்தான் தோண்டினார்கள். வேறு வழி இல்லை என்று புரிகிறது. ஆனால் அதில் அவன் இருந்தானா இல்லையா?

நிவாரணமாக மாநில அரசு ஒரு லட்சம், பிரதமர் நிதியிலிருந்து ஒரு லட்சம் வந்தது. வாங்கினால் அவன் செத்ததாக ஒப்புக்கொண்ட மாதிரி என்று அம்மா கையெழுத்துப் போட மறுத்தாள். அப்பா போட்டார். அதிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சுக் குறைந்தது. கருமாதி செய்யவில்லை. அப்பா போன பிறகும் அம்மா மனசு மாறவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் "கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்" என்றால் அவர்கள் எந்தக் கடைசியைச் சொல்வார்கள்?

வார்டு சிஸ்டர்

உப்பனாறு, உங்கள் கேள்வி ரொம்ப நியாயமானது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலிருந்தே இதைத் தனி வகை இழப்பாகப் பார்த்து வந்தார். போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களிலிருந்து தொடங்கினார். இந்த இழப்புக்கு முடிவு கேட்காதீர்கள் என்பதுதான் அவர் வாதம். இருக்கிறான், இல்லை என்ற இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு வாழ அந்தக் குடும்பத்துக்குத் துணை நிற்கச் சொல்கிறார். செத்துவிட்டான் என்று சொல்லு என்று அம்மாவை நெருக்காதீர்கள். நம்பாதே என்றும் சொல்லாதீர்கள்.

முகாமில் ஒரு பெண்மணி கணவருக்காகப் பதினாறாம் நாள் செய்ய மறுத்தார். ஆனால் அவர் பெயரில் தினமும் ஒரு விளக்கு ஏற்றலாமா என்று கேட்டபோது சரி என்றார். எண்ணெய்க்கு ஏற்பாடு செய்தோம். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. உங்கள் அம்மா அண்ணனைப் பற்றிப் பேசுவாரா? காணாமல் போனதைப் பற்றி இல்லை, அவன் வளர்ந்ததைப் பற்றி?

உப்பனாறு

பேசுவாள். கேட்டால் விடிய விடியப் பேசுவாள். நாங்கள்தான் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

பின்னே பிறந்தவள்

இந்த இழையில் எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் பிறந்ததே 2006இல்.

அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் போதும் என்று குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்தார்கள். இரண்டும் அலையில் போய்விட்டன. அப்படிப்பட்ட அம்மாக்களுக்கு மறுபடி குழந்தை பிறக்க ஆபரேஷன் செய்ய அரசாங்கம் உதவியது, உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அப்படிப் பிறந்தவள் நான். போன அக்காவின் பெயரையே எனக்கு வைத்தார்கள்.

வீட்டில் மாலை போட்ட ஒரு போட்டோ இருக்கிறது. அதன் கீழே எழுதியிருப்பது என் பெயர். வீட்டுக்கு வந்த பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு அப்புறம் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

2012 ஏப்ரல் 11 அன்று மறுபடி சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் வந்து சுனாமி எச்சரிக்கை கொடுத்தார்கள் இல்லையா, அன்று அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். எனக்கு ஆறு வயது, ஓரளவு கனம். இறக்கிவிடச் சொல்லி அழுதேன், விடவில்லை. பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினாள். நான் அவள் இடுப்பில்தானே இருந்தேன். என்னைக் கூப்பிட்டாளா, அக்காவைக் கூப்பிட்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அலை வரவில்லை. வீட்டுக்குத் திரும்பினோம். அதைப் பற்றியும் அப்புறம் பேச்சே கிடையாது.

நான் பார்க்காத அலைக்கு எனக்கு ஏன் பயம்? அக்காவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்றுகூடத் தெரியாது. கேட்டால் அம்மா உடைந்துவிடுவாள் என்று அப்பா கண்ணைக் காட்டுவார்.

கட்டுமரம்

பாப்பா, உனக்கு இல்லாத உரிமையா. எங்கள் ஊரிலும் உன்னைப் போல் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் வரம் என்று கொஞ்சினோமே தவிர, அவர்கள் தோளில் எவ்வளவு கனம் என்று யோசித்ததில்லை. உன் பதிவைப் படித்த பிறகு, கிளறாதே என்று நான் மேலே எழுதியதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் நாங்கள் பேசாமல் இருந்து எங்களைத் தேற்றிக்கொண்டோம். பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது.

அமைதி தேடி

சோழகம் நண்பரே, பழைய நினைவை ஒரே நாளில் மனதிலிருந்து அழிக்கும் பயிற்சி என்று ஒரு விளம்பரம் வந்தது. ஒரு நாள் வகுப்பு, பதினைந்தாயிரம் ரூபாய். ஹிப்னாடிசம் மாதிரி ஏதோ. விசாரித்துப் பார்க்கட்டுமா?

வார்டு சிஸ்டர்

வேண்டாம். தயவு செய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு நாளில் நினைவை அழித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அது பொய்.

எலிகளை வைத்து 2000ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு முக்கியமான சோதனை நடந்தது. பழைய பய நினைவைத் திரும்ப எழுப்பினால், அது கொஞ்ச நேரம் இளகிய நிலைக்கு வந்து, மறுபடி கெட்டிப்படுகிறது என்று காட்டினார்கள். அந்த இடைவெளியில் அதை மாற்ற முடியுமா என்று உலகம் முழுக்க இன்னமும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். மனிதர்களிடம் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. ஆராய்ச்சிக்கூடத்திலேயே முடியாத வேலையை மண்டப வாடகைக்கு நடக்கும் வகுப்பில் செய்ய முடியாது. அக்கா போன நினைவை அழித்தால் அக்காவையும் அல்லவா அழிக்க வேண்டும்? சோழகம் அதைக் கேட்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் இந்த மாதிரி நாள்பட்ட பாதிப்புக்குப் பரிந்துரைப்பவை, அந்தச் சம்பவத்தை மையமாக வைத்துச் செய்யும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், இஎம்டிஆர் என்ற முறையும். இரண்டாவதில் கண்ணை இடமும் வலமும் அசைத்துக்கொண்டே அந்த நினைவை மனசில் கொண்டுவரச் சொல்வார்கள். எதுவானாலும் பயிற்சி பெற்றவரிடம்தான் போக வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். அரசு நடத்துவது, இலவசம், தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

தூக்க மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால், "நான் நடந்ததைப் பேச வேண்டும், யாரிடம் பேசலாம்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூட்டமான ஓபியில் கேட்கக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

சோழகம்

எல்லோருக்கும் நன்றி. சில மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

பின்னே பிறந்தவள் தங்கை எழுதியதைப் படித்த அன்று இரவு மனைவியிடம் டீ விஷயத்தைச் சொன்னேன். அவள் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. "அதனாலதான் நான் டீ போட்டு நீட்டினா கீழ வெச்சுடுன்னு சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

14416இல் பேசினேன். அவர்கள் சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போனேன். முதல் இரண்டு மூன்று முறை அலைச்சல்தான். டாக்டரைப் பார்த்து, உளவியலாளரைப் பார்க்க இன்னொரு நாள் வரச் சொல்லி, அன்று அவர் லீவு. விட்டுவிடலாம் என்று தோன்றியது. மனைவி விடவில்லை.

அந்த உளவியலாளர் மேடம் என்னை 25ஆம் தேதி சாயங்காலத்திலிருந்து சொல்லச் சொன்னார். யார் வீட்டிலிருந்து கேக் வந்தது, காலையில் என்ன சட்டை, டிவி எந்தப் பக்கம் இருந்தது, எல்லாம். என் நினைவு எப்போதும் அக்கா வாளியோடு வாசலைத் தாண்டுவதில் வந்து நின்றுவிடும். அவர் அங்கே நிற்க விடவில்லை. "சரி, அதற்கு அப்புறம்? அன்று இரவு எங்கே படுத்தீர்கள்?" என்றார். நான் அதைத் தாண்டி யோசித்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மெதுவாக வந்தது. ஒரு கல்யாண மண்டபம். உள்ளூர்ப் பக்கத்திலிருந்து யாரோ அண்டாவில் சாம்பார் சாதம் கொண்டுவந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு அம்மா என் ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை தொங்கும் ஒரு பெரிய சட்டையைப் போட்டுவிட்டார். அந்தச் சட்டையின் பட்டன் வேறு வேறு நிறம். இதெல்லாம் எனக்குள் இருந்திருக்கிறது.

ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு வரும்போது தலை கனக்கும். அன்று இரவு தூக்கம் கெடும். அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். போகப் போகக் கெடவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அப்பா திண்ணையில் வலையோடு இருந்தார், நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சட்டென்று சொல்லிவிட்டேன். "அப்பா, அன்னிக்கு டீ நான் கொண்டு வந்திருக்கணும். நான்தான் அக்காவ அனுப்பினேன்." அப்பா கையை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "டீ வேணும்னு ஆள் விட்டது நான்தானேடா. வேற எந்த நாளும் நான் கேட்டது இல்ல. அன்னிக்குப் பனி, கேட்டுட்டேன்" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "வாளிய எடுத்து அவ கையில கொடுத்தது நான்" என்றாள்.

இத்தனை வருடம் மூன்று பேரும் ஒரே வீட்டில் அதே டீயைத்தான் சுமந்திருக்கிறோம். அவரவருக்கு அவரவர்தான் குற்றவாளி. அப்பா என் மேல் கோபமாக இருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். அவரோ அம்மா தன் மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தார்.

அப்புறம் ராத்திரி வரைக்கும் அக்காவைப் பற்றித்தான் பேச்சு. ரிப்பனுக்காக என்னோடு போட்ட சண்டை, கணக்குப் பரீட்சை அன்று வயிற்று வலி என்று படுத்துக்கொண்டது. அம்மா சிரித்தாள். அக்கா பெயரைச் சொல்லி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த முறையே வேளாங்கண்ணிக்குப் பையனைக் கூட்டிப்போனோம். மனைவியும் அவனும் தண்ணீரில் கால் நனைத்தார்கள். நான் கடைகள் இருக்கும் இடத்திலேயே நின்றுவிட்டேன். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிளீச்சிங் பவுடருக்கு இன்னும் நெஞ்சு அடிக்கிறது. வண்டியை நிறுத்தும் அளவுக்கு இல்லை.

கட்டுமரம்

தம்பி, அடுத்த முறை எங்கள் ஊருக்கு வா. பையனையும் கூட்டிக்கொண்டு வா. கடலில் இறங்க வேண்டாம், கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தில் உட்காரலாம். நான் கூட இருக்கிறேன்.

உப்பனாறு

அம்மாவிடம் அண்ணனைப் பற்றிக் கேட்டேன். சிஸ்டர் சொன்ன மாதிரி, அவன் வளர்ந்ததைப் பற்றி. அவன் முதல் முதலாக மட்டை வாங்கக் காசு சேர்த்த கதையைச் சொன்னாள். எனக்குத் தெரியாத கதை. கருமாதி பற்றி நான் பேசவில்லை, இனியும் பேசப்போவதில்லை.

பின்னே பிறந்தவள்

சோழகம் அண்ணா, நீங்கள் அப்பாவிடம் சட்டென்று சொல்லிவிட்டீர்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது?

சோழகம்

தங்கச்சி, மேடத்திடம் உன்னைப் பற்றிச் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். அவர் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

டிசம்பரில் கேட்காதே. அப்போது டிவியில் அதே படங்களைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள், வீடே இறுகிப்போயிருக்கும். அம்மா கையில் ஏதாவது வேலை இருக்கும் நேரம் பார். கீரை ஆய்வது, பூக் கட்டுவது, அப்படி. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே செய், எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்காதே. அலையைப் பற்றிக் கேட்காதே. அவளுக்குப் பிடித்த நிறம் எது என்று இங்கே எழுதினாய் இல்லையா, அதையே கேள். உன் பெயரைச் சொல்லாமல் "அக்காவுக்கு" என்று கேள். அம்மா அழுதால் அழட்டும், பேச்சை மாற்றாதே. எழுந்து போய்விட்டால் பின்னாலேயே போகாதே. அடுத்த வாரம் இன்னொரு கேள்வி கேட்கலாம். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, நடுவில் வந்து தடுக்காமல் இருப்பார்.

பின்னே பிறந்தவள்

அப்பாவிடம் இப்போதுதான் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை, அப்புறம் சரிம்மா என்றார். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.